தைப்பூசமும் காவடியும்

தைத் திங்களில் பூச விண்மீன் முழுமதியோடு கூடும் நாளே தைப்பூசம். அன்னை உமையவள் தன் திருமைந்தனுக்கு வேற்படை வழங்கிய நாள் அதுவென்பது மரபு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இதனை முருகனுக்கே உரிய பெருவிழாவாகக் கொண்டாடி வருகின்றனர். எனினும், பண்டை நாளில் இவ்விழா சிவபெருமானோடும் தொடர்புற்று விளங்கியது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர், மயிலைத் திருக்கோயில் விழாக்களைப் பாடுமிடத்துத் தைப்பூசத்தையும் ஒன்றாக வைத்துப் பாடியுள்ளார். தில்லைக் கூத்தன் பதஞ்சலி முனிவருக்கும் வியாக்கிரபாதருக்கும் ஆடல் காட்டிய நாளும் இதுவேயென்பர். வடலூரில் வள்ளலார் 1872ஆம் ஆண்டில் நிறுவிய சத்திய ஞான சபையில், இந்நாளில் சோதி வழிபாடு நடைபெறுகின்றது. இவ்வளவு பரந்த விழாவை முருகன் விழாவாக மக்கள் மனத்தில் நிலைநிறுத்திய பெருமை பெரிதும் பழனிக்கும், அங்குச் சுமந்து செல்லப்படும் காவடிக்குமே உரியது.

காவடி என்பது யாது? காவுதல் என்றால் தோளில் சுமத்தல். இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் வைக்கும் தண்டிற்குக் ‘கா’ என்பது பழம்பெயர். சங்க காலத்துப் பாணரும் கூத்தரும் தம் இசைக்கருவிகளைக் காவிலே கட்டிச் சுமந்துகொண்டு, வள்ளல்களை நாடி ஊர் ஊராக நடந்தனர். ஆகவே, காவடி முதற்கண் வழிபாட்டுப் பொருளன்று, உழைப்பாளியின் கருவி.

இடும்பன் கதையும் இதனையே காட்டுகின்றது. அகத்திய முனிவரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தென்றிசை நோக்கிச் சுமந்து வந்தவன் இடும்பன். இளைப்பாறுவதற்காக அவன் ஆவினன்குடியில் அவற்றை இறக்கிவைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. அதன்மேல் கோவணம் தரித்த சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். அவனோடு பொருது வீழ்ந்த இடும்பன், மனைவியும் முனிவரும் வேண்ட, உயிர்பெற்று எழுந்தான். தன்னைப்போல் காவடி சுமந்து வருவோர்க்கெல்லாம் அருள்புரிய வேண்டுமென்று முருகனிடம் வரம் கேட்டான். தனக்கெனப் பொன்னோ பொருளோ அவன் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. பழனி மலைப்பாதையில் இடைவழியில் நின்று, ஏறிவருவோரின் வணக்கத்தை அவன் முதலில் ஏற்கின்றான்.

இவ்விழா கடல் கடந்து வந்தபோது இருவேறு மக்களோடு வந்தது. வணிகராக வந்த நகரத்தார், தாம் தொழில் நடத்திய ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணியை எழுந்தருளச் செய்தனர். சிங்கப்பூரின் தேங்க் சாலையில் அவர்கள் 1859ஆம் ஆண்டில் கோயில் எழுப்பினர். பினாங்கில் அவர்களது வெள்ளித்தேர் 1894ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றது. சிங்கப்பூரில் பூசத்திற்கு முந்திய நாள் இன்றும் ‘செட்டிப் பூசம்’ என்றே வழங்குகின்றது. அன்று வெள்ளித்தேர் கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று மீள்கின்றது. கோலாலம்பூரிலோ, மகாமாரியம்மன் ஆலயத்தை 1873ஆம் ஆண்டில் நிறுவிய தம்புசாமிப் பிள்ளை, 1891ஆம் ஆண்டில் பத்துமலைக் குகையில் முருக வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டிலேயே அங்குத் தைப்பூசம் நிகழ்ந்தது.

தேர் செல்வர்தம் கொடை. ஆனால், அத்தேரின் பின்னே நடந்த பெருந்திரள் தோட்டங்களிலிருந்தும், இருப்புப்பாதைக் குடியிருப்புகளிலிருந்தும், துறைமுகங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் திரளாகும். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910ஆம் ஆண்டில் அம்முறை நிறுத்தப்பட்ட பின்னர்க் கங்காணிகள் வாயிலாகவும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். தோளில் காண்டாக் கம்பும், அதன் இருபுறமும் பால் வாளிகளுமாக ரப்பர்த் தோட்டத்தில் நடந்தவர்க்குக் காவடி புதியதோர் பொருளாகத் தோன்றியிருக்குமா? நாள்தோறும் பிறர்க்காகச் சுமந்த தோள், ஆண்டில் ஒரு நாள் தன் விருப்பத்தால், தன் நேர்த்திக்காகச் சுமந்தது. நோயுற்ற பிள்ளை பிழைத்ததற்கும், பிள்ளைப்பேறு வாய்த்ததற்கும் அவர்கள் செலுத்திய காணிக்கை அது. பத்துமலையில் 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைக்கப்பட்டன. அதற்கு முன்னர்க் கரடுமுரடான மலைச்சரிவிலேயே ஏறிச் சென்றனர். இன்றுள்ள 272 படிகள் அவற்றிற்குப் பின்னர் எழுந்தவை.

இவ்வழிபாடு கண்டனத்திற்கும் ஆளாயிற்று. தந்தை பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவிற்கு வருகை புரிந்தார். 1932ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. உடலில் அலகு குத்திக் காவடி எடுப்பது அயலார் நகைப்பிற்கு இடமாகின்றது என்று சீர்திருத்தவாதிகள் வாதிட்டனர். அவர்களுள் முன்னின்ற கோ. சாரங்கபாணி, 1952ஆம் ஆண்டு முதல் பொங்கலைத் தமிழர் திருநாளாக நடத்தச் செய்தார். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடும் நாளொன்று வேண்டுமென்ற அவரது எண்ணம் உயர்ந்ததே. ஆனால், காவடிக் கண்டனம் முழுதும் பொருந்துவதன்று. அவர்கள் அலகைக் கண்டனர், தண்டைக் காணவில்லை. முள்ளும் வேலும் செறிந்த பெருங்காவடிகளை நோக்கியே ஒளிப்படக் கருவிகளும் திரும்புகின்றன. இரு செம்புகளில் பால் தொங்கும் எளிய காவடியும், தலைமேல் பாற்குடம் தாங்கி வரிசையில் நிற்கும் தாய்மாரும் அவற்றின் கண்ணிற் படுவதில்லை. மூலப்பொருள் வழுவாது நிற்பது இவர்களிடத்திலேதான். யார் காவடி பெரிதென்ற போட்டி வரும்போது அஃது இடும்பன் சுமையாகாது.

சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டில் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசமும் அப்பட்டியலினின்று நீங்கியது. கூட்டம் குறையவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டும், இரவு வேலை முடிந்து நேரே வந்தும், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் சாலைவரை மக்கள் இன்றும் நடக்கின்றனர். பத்துமலையிலோ 2006ஆம் ஆண்டில் 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவம் திறக்கப்பட்டபின், உலகெங்கிலுமிருந்து சுற்றுப்பயணிகள் வருகின்றனர்.

அவர்கள் காணாத ஒரு நிகழ்ச்சி, விழா முடிந்த மூன்றாம் நாள் இல்லங்களில் நடைபெறுகின்றது. காவடி எடுத்தவர் வீட்டில் இடும்பன் பூசை செய்வர். சோறும் கறியும் பலகாரமும் சமைத்து, வாழையிலையில் இடும்பனுக்குப் படையலிடுவர். உறவினரும், உடன் நடந்து சுமைக்குத் தோள் கொடுத்த நண்பரும் அழைக்கப்படுவர். அவன் பசியாறியதாகக் கொண்ட பின்னரே, நோன்பிருந்தவர் தம் நோன்பை முடித்து உண்ண அமர்வர்.