நம்ம பசங்க உட்கார்ந்த கதை

1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தப்ப ரமணருக்கு வயசு 16. மதுரையில பந்தாட்டம், மல்யுத்தம்னு திரிஞ்ச பையன். கையில காசு போதாம மாம்பழப்பட்டுல ரயிலை விட்டு இறங்கி, அறையணிநல்லூர் வரைக்கும் நடந்தே போனார். அந்தக் காலத்துப் பதினாறு வயசுக்கு அது பெரிய நடையில்ல. இன்னைக்கு ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டு டீக்கடையில அதே வயசுப் பசங்க நாலு பேர் உட்கார்ந்தா, நாலு பேரும் குனிஞ்சு செல்போனைத்தான் பார்க்கிறாங்க.

எல்லாரும் செல்போனைத் திட்டுறோம். அது கடைசியா வந்த ஆளுன்னுதான் எனக்குத் தோணுது. முதல்ல போனது வேலை. கவலை இறைச்ச காலத்துல மாட்டை ஓட்ட ஒரு பையன் வேணும். மோட்டார் வந்ததும் அவன் பள்ளிக்கூடம் போனான், நல்லதுதான். அப்புறம் டிராக்டர், அறுவடை மெஷின். மல்லாட்டை ஆய இன்னும் கை வேணும். அதுக்குப் பசங்க வர்றதில்ல.

அடுத்து போனது இடம். அறுத்த கழனிதான் எங்களுக்குக் கிரிக்கெட் கிரவுண்டு. ஆசிரமத்தைச் சுத்தி மனை விலை ஏற ஏற, கழனியெல்லாம் கல்லு நட்டு, கம்பி வேலி போட்டு, தங்கும் விடுதியாச்சு.

இப்படிக் காலியான சாயங்காலத்துலதான் திரை வந்து உட்கார்ந்துச்சு. 2006 தேர்தலுக்கு அப்புறம் இலவச கலர் டிவி. 2011ல பிளஸ் டூ பசங்களுக்கு லேப்டாப். 2016 செப்டம்பர்ல ஜியோ டேட்டாவை இலவசமா திறந்துவிட்டுச்சு. 2020 மார்ச்சுல கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடினாங்க. அதுவரைக்கும் போனைப் பிடுங்கி வெச்ச அப்பனே, "பாடம் கேளுடா"ன்னு கையில கொடுத்தான். பள்ளிக்கூடம் திறந்தப்புறம் அதை யாரால திருப்பி வாங்க முடிஞ்சுது?

தேசிய குடும்பநல ஆய்வுக் கணக்கைப் பாருங்க. 15லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள தமிழ்நாட்டுப் பெண்கள்ல, 2015-16ல 100க்கு 31 பேருக்கு அதிக எடை. 2019-21ல 40 பேருக்கு. ஆண்கள் 28லிருந்து 37. பசியோட வந்த பிள்ளைங்களுக்காக 1956ல காமராஜர் மதிய உணவு போட்ட அதே மாநிலம்! பழியை முழுசா போன் தலையில கட்ட முடியாது. பரோட்டாவும் பேக்கரியும் இருக்கு. ஆனா பார்த்துக்கிட்டே தின்னா அளவு தெரியாது. ராத்திரி முழிச்சிருந்தா பசியும் கூடும்.

தை அறுப்பு முடிஞ்சதும் என் கழனி ஒண்ணு ரெண்டு மாசம் சும்மா கிடக்கும். ஸ்டம்பு நட்டு ஆடிக்கோங்கடான்னு சொல்லியிருக்கேன். போன வருஷம் ஏழெட்டுப் பேர் வந்தாங்க. ஒருத்தன் மட்டும் வரப்புல உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கிட்டிருந்தான்.