எம் 130: மதுரைப் பக்கம் கிடைத்த தந்தைவழிச் சுவடு

உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது இப்போது எங்கள் பிள்ளைகளிடமும் பரவி வருகிறது. முடிவில் 'தந்தைவழி: சி, எம் 130' என்று வந்தால் அதற்கு என்ன பொருள்?

வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் செல்கிறது. எப்போதாவது அதில் ஒரு சிறு விகாரம் ஏற்பட்டால், அந்த ஆணின் ஆண்வழிச் சந்ததி முழுவதும் அதைச் சுமக்கும். எம் 130 அப்படியான ஓர் அடையாளம். மனிதர் ஆபிரிக்காவை விட்டுப் புறப்பட்ட காலத்தையொட்டி, ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றியதாகக் கணிக்கப்படுகிறது.

அவுஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இது பரவலாக உண்டு. இந்தியாவில் அரிது. அவர்களின் முன்னோர் தென்னாசியக் கரையோரமாகப் போனார்கள் என்றால் வழியில் சுவடு இருக்க வேண்டுமே? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் அதைத் தேடினார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தவர் சிலரின் இரத்தத்தில் எம் 130 கிடைத்தது.

ஆனால் இது 'ஆதித் தமிழன்' என்ற சான்றிதழ் அல்ல. இதே அடையாளத்தின் வேறு கிளைகள் மங்கோலியரிடமும் கசாக்கியரிடமும் உள்ளன. அது தோன்றிய நாளில் தமிழும் இல்லை, சாதியும் இல்லை. பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. வை நிறமூர்த்தம் சொல்வது அவற்றில் ஒன்றை மட்டுமே. கணக்காளன் பாஷையில் சொன்னால், பேரேட்டின் ஒரே வரி. பெண்களிடம் அந்த வரியும் இல்லை. தகப்பனோ சகோதரனோ பரிசோதித்தால்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

மற்ற வரிகளை எழுத்துதான் காக்கும். நாங்கள் வாழும் விபோர்க்கில் 1891இல் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது. தேவாலயங்கள் பிறப்பு, இறப்பைப் பதிய வேண்டும் என்று டென்மார்க் அரசன் ஆணையிட்டது 1640களில். அதனால் வட யூட்லாந்து விவசாயி ஒருவரால் பல தலைமுறைப் பெயர்களை, பெண்களின் பெயர் உட்பட, தேடி எடுக்க முடிகிறது. எங்களில் பலர் பிறப்புச் சான்றிதழைக்கூட இடம்பெயர்வில் தொலைத்துவிட்டு வந்தவர்கள்.

50,000 ஆண்டுக்கு முந்திய பாட்டனை ஆய்வுகூடம் காட்டும். அம்மம்மாவின் தாயின் பெயரை அதனால் சொல்ல முடியாது. அது தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், இந்த வார இறுதியிலேயே கேட்டு, ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள்.