ஓடைவழி மலையேற்றம்

ஓடைவழி மலையேற்றம் என்பது மலையிலிருந்து இறங்கும் ஓடையின் படுகையையே பாதையாகக் கொண்டு, பாறைகளில் கைகால்களை ஊன்றி, அருவிகளைக் கடந்து மேல்நோக்கி ஏறும் மலையேற்ற வகை ஆகும். கயிற்றின் துணையுடன் ஓடையில் கீழ்நோக்கி இறங்கும் விளையாட்டு இதிலிருந்து வேறுபட்டது. தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற நிலப்பரப்புகளுள் ஒன்று, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள கொல்லிமலை அடிவாரம் ஆகும்.

பிற நாடுகளில்

சப்பானில் இது சாவாநோபொரி எனப்படுகிறது. சாவா என்பது மலையோடையையும், நோபொரி என்பது ஏறுதலையும் குறிக்கும். ஈரப்பாறையில் வழுக்காதிருக்க முன்னாளில் அங்கு வைக்கோல் செருப்புகளை அணிந்தனர். பின்னர் கம்பள அடிப்பகுதி கொண்ட காலணிகள் வழக்கத்திற்கு வந்தன. இங்கிலாந்தின் வடபகுதியிலும் இத்தகைய ஏற்றம் பொழுதுபோக்காக உள்ளது.

நில அமைப்பும் ஏறும் முறையும்

கடினப் பாறையும் சரிவும் உள்ள இடங்களில் ஓடை சீராக இறங்காமல் படிபடியாக விழுகிறது. ஒவ்வோர் அருவியின் அடியிலும் நீர் குடைந்த மடு காணப்படும். மடுவின் ஆழத்தை மேலிருந்து கணிக்க இயலாது.

ஏறுபவர் சிறு அருவிகளை அவற்றின் ஓரப் பாறைகளைப் பற்றி ஏறுகிறார். பெரிய அருவிகளைப் பக்கச் சரிவின் வழியே சுற்றிக் கடக்கிறார். இச்சரிவுகளில் மண்ணும் கற்களும் இளகியிருப்பதால், அருவியைவிடச் சுற்றுவழியே இடர் மிக்கதாக அமைவதுண்டு.

பாறையில் ஏறுவதைவிட இறங்குவது கடினம். இறங்கும்போது அடுத்த காலடி கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே, ஏறிவிட்ட ஓர் அருவியில் மீண்டும் இறங்க இயலாமலும், அடுத்த அருவியில் ஏற இயலாமலும் இரண்டிற்கும் இடையில் சிக்கிக்கொள்ள நேரிடும். 'இறங்க முடியாத இடத்தில் ஏறாதே' என்பது இவ்வகை ஏற்றத்தின் அடிப்படை விதியாகும்.

திருச்சிராப்பள்ளி வட்டாரம்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கமும், மலைக்கோட்டை நீங்கலாகத் திருச்சிராப்பள்ளி நகரின் பெரும்பகுதியும் சமவெளியாகும். அருவியுடன் கூடிய ஓடைகளைக் காண மாவட்டத்தின் வடக்கே உள்ள பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ செல்ல வேண்டும்.

துறையூர் வழியாகச் சென்றடையக்கூடிய புளியஞ்சோலை, கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்விடத்தில், மலையிலிருந்து வரும் அய்யாறு பாறைகளுக்கிடையே ஓடுகிறது. இதன் மேற்பகுதியில், நாமக்கல் மாவட்ட எல்லைக்குள், ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அருவிக்கு அருகில் அறப்பளீசுவரர் கோயில் அமைந்துள்ளது. கோயிலிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி அருவியை அடையலாம்.

இவ்வாறாக ஒரே ஓடைக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. மேல்வாயிலில் படிக்கட்டு உண்டு. கீழ்வாயிலில் மக்கள் பெரும்பாலும் நீராடித் திரும்புகின்றனர். இரண்டிற்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியே ஓடைவழி ஏற்றத்திற்குரிய நிலமாகும். மலைவாழ் மக்களும் கோயிலுக்குச் செல்லும் பக்தர்களும் நடந்த ஒற்றையடிப் பாதை இப்பகுதியில் உண்டு. அதைப் பின்பற்றுவது ஓடைப் படுகையில் ஏறுவதைவிடப் பாதுகாப்பானது.

இடர்கள்

திடீர் வெள்ளமே முதன்மையான இடர். கொல்லிமலையின் மேற்பரப்பு சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலமாகும். அங்குப் பெய்யும் மழை குறுகிய பள்ளத்தாக்குகளில் குவிந்து இறங்குவதால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரையிலும், கோடை இடிமழையின்போதும் இது நிகழலாம். தெளிந்த நீர் கலங்குதல், சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், நீரோசை மிகுதல் ஆகியன முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் உடைமைகளை எடுக்க முற்படாது மேட்டுக் கரையில் ஏறிவிட வேண்டும்.

1999 சூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்செட்டன் ஓடையில் இறங்கிய குழுவினருள் 21 பேர் இடிமழை வெள்ளத்தில் இறந்தனர். இறந்தோருள் வழிகாட்டிகள் மூவரும் அடங்குவர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

பாசி படிந்த பாறையில் வழுக்குதல், மடுவில் மூழ்குதல், பாம்புக்கடி, தேனீக்கள் கொட்டுதல் ஆகியன பிற இடர்கள்.

தனித்துச் செல்லல்

தனியாக ஏறுபவருக்குக் கணுக்கால் சுளுக்கும் உயிர்ப்பிரச்சினையாகலாம். அருவி ஓசையில் கூப்பிடும் குரல் கேட்காது. பள்ளத்தாக்கில் செல்பேசித் தொடர்பும் கிடைப்பதரிது. அமெரிக்க மலையேறுநரான ஆரன் ரால்சுடன், 2003 ஏப்பிரலில் யூட்டா மாநிலப் பாறைப் பிளவொன்றில் தனியாகச் சென்றபோது உருண்ட பாறையில் கை சிக்கி, 127 மணிநேரம் கழித்துத் தம் முன்னங்கையைத் தாமே வெட்டிக்கொண்டு மீண்டார். செல்லுமிடத்தை அவர் எவரிடமும் கூறியிருக்கவில்லை. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்வதும், குறித்த நேரத்தில் எங்கிருந்தாலும் திரும்பிவிடுவதும் இதனால் வலியுறுத்தப்படுகின்றன.

சட்டநிலை

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன்படி குற்றமாகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறுநர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. புளியஞ்சோலை, ஆகாய கங்கை ஓடை இரு மாவட்டங்களில் அமைவதால், செல்லும் பகுதிக்குரிய வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுதல் வேண்டும். நீர்வரத்து மிகும் நாட்களில் ஆகாய கங்கையில் நீராடத் தடை விதிக்கப்படுவதுண்டு.

இவற்றையும் பார்க்கவும்

கொல்லி மலை
பச்சைமலை
ஆகாய கங்கை அருவி
புளியஞ்சோலை