உப்பு விளையும் நேரமும் நம் வீட்டு நேரமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றனர். பாத்திகளும் வெண்ணிற உப்புக் குவியல்களும் கண்ணில் பட்டு மறைகின்றன. அவ்வூரின் வரலாறோ மிக நீண்டது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு இக்கரையின் துறைமுகங்களுள் ஒன்றாகச் சோபட்மாவைச் சொல்கிறது. அது மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும் இதுவே என்பர். சோழர் காலக் கல்வெட்டுகள் இங்கிருந்த உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. பல நூற்றாண்டுகளாக இம்மண்ணில் தொடரும் உப்புத் தொழிலில், அவசரமே வாழ்க்கையாகிப் போன நமக்குச் சிந்திக்க வேண்டிய செய்தி உண்டு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் உப்பளத்தில் வேலை தொடங்கும். சேற்றை அகற்றி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கி, வரப்புகளைச் சீராக்குவர். பின்னரே உவர்நீரைப் பாய்ச்சுவர். அந்நீர் நேரே உப்பாகிவிடாது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி, வெயிலிலும் காற்றிலும் படிப்படியாகச் செறிவடையும். உவர்நீரின் செறிவைப் ‘போமே’ என்னும் அளவால் கணக்கிடுவர். கடல்நீர் அவ்வளவில் சுமார் 3 பாகை. ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகையைத் தாண்டியும் நீரை வெளியேற்றாமல் விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பைக் கசக்கச் செய்துவிடும்.

ஆகவே அவசரப்பட்டாலும் உப்பு இல்லை. அசட்டையாக இருந்தாலும் நல்ல உப்பு இல்லை. நிதானம் என்பது சோம்பல் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஒவ்வொரு செயலையும் அதற்குரிய நேரத்தில், அதற்குரிய கவனத்தோடு செய்வதே நிதானம். ஐவேளைத் தொழுகைக்கும் நேரம் வகுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். நேரம் வருமுன் தொழுதால் அது நிறைவேறாது. காரணமின்றி நேரத்தைத் தவறவிடுவதோ குற்றம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அரபுத் தீபகற்பத்தின் கிழக்குக் கரைப் பகுதியிலிருந்து அப்துல் கைஸ் குலத்தாரின் தூதுக்குழு மதீனா வந்தது. வந்தவர்கள் வாகனங்களை விட்டிறங்கி நபியவர்களைக் காண விரைந்தனர். அவர்களுள் அஷஜ் (ரலி) அவர்கள் மட்டும் பொறுத்திருந்து, தம் மூட்டையிலிருந்து நல்லாடையை எடுத்து உடுத்திக்கொண்ட பின்னரே சென்றார்கள். அவர்களிடம் அல்லாஹ் நேசிக்கும் இரு பண்புகள் உள்ளன என்று நபியவர்கள் கூறினார்கள். ஒன்று ‘ஹில்ம்’ எனும் சகிப்புத்தன்மை. மற்றொன்று ‘அனாத்’ எனும் நிதானம். நபியவர்கள் மீது அவர்கள் கொண்ட அன்பு மற்றவர்களின் அன்பைவிடக் குறைந்ததன்று. அந்தச் சந்திப்புக்குத் தம்மைத் தயார்படுத்திக்கொண்டதே அவர்கள் காட்டிய வேறுபாடு.

ஆனால் பழங்காலத்து மெதுவான வாழ்வை நினைத்து ஏங்கும்போது, அதன் பாரத்தைச் சுமந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் தானியமும் படகுகளில் சென்றன. காற்று இருந்தால் பாய் விரிப்பர்; இல்லையேல் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பர். அக்கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877–78 பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது. அதை வெட்டியவர்கள் நிவாரணக் கூலிக்கு உழைத்த ஏழை மக்கள். கால்வாய்க்கு 1878இல் சூட்டப்பட்டதோ ஆளுநரின் பெயர்! இன்றும் உப்பளத் தொழிலாளர் விடியுமுன்பே வேலைக்கு இறங்குகின்றனர். உப்பு நிதானமாக விளைகிறது. அதை வாரிச் சுமப்பவருக்கு ஓய்வில்லை. மழைக்காலம் வந்தால் வேலையும் இல்லை.

நம் வீடுகளிலும் இந்நிலை உண்டு. நோன்பு மாதத்தில் அஸருக்குப் பின் ஆண்கள் பள்ளிவாசலில் அமைதியாகக் குர்ஆன் ஓதுகிறோம். அதே நேரத்தில் வீட்டுப் பெண்களோ கஞ்சிக்கும் வடைக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கின்றனர். ஒரு பக்கம் ஓதவும் அவர்களுக்கு நேரமில்லை. நமக்குக் கிடைத்த அமைதி இன்னொருவரின் அவசரத்தால் வந்தது என்றால், அதை நிதானம் என்று எப்படிச் சொல்வது? உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிறருடைய நேரத்தின் மதிப்பையும் அது நமக்குக் கற்பிக்கிறது.

எனவே வாழ்வின் வேகத்தைக் குறைக்க விரும்பும் குடும்பம், வீட்டு வேலையைப் பகிர்வதிலிருந்து தொடங்கட்டும். சஹர் பாத்திரங்களைப் பிள்ளைகள் கழுவலாம். காய்களைத் தந்தை நறுக்கலாம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கைப்பேசிகளை ஒதுக்கிவைத்து அனைவரும் ஒன்றாக அமரலாம். எந்த வேலையைத் தொடங்குமுன்னும் இதை எதற்காகச் செய்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். நிய்யத் என்று நாம் சொல்வது அதுதானே? ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர்.

அடுத்த முறை மரக்காணம் வழியே செல்லும்போது வண்டியைச் சற்று நிறுத்தி, அப்பாத்திகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் உணவில் சேரும் ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால் எத்தனை நாள் வெயிலும் எத்தனை பேர் உழைப்பும் உள்ளன என்று சொல்லிக்கொடுங்கள். அல்லாஹ் நம் நேரங்களில் பரக்கத் செய்வானாக. பிறர் நேரத்தைப் பறிக்காத நிதானத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.