பிரைடு என்ற பெயர்

மே மாதக் கடைசியில் ஒரு நிறுவனத்திடமிருந்து சுவரொட்டி வாசகம் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. அரைப் பக்கம்தான். ஜூன் முழுக்க வரவேற்பறையில் வானவில் கொடிக்குக் கீழே மாட்டி வைப்பார்களாம். தலைப்பிலிருந்த 'பிரைடு மந்த்' என்பதைச் 'சுயமரியாதை மாதம்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. என் சொல்லைச் சிவப்பில் அடித்துவிட்டு 'பெருமை மாதம்' என்று மாற்றியிருந்தார்கள். காரணமும் ஓரத்தில் இருந்தது: சுயமரியாதை அரசியல் சொல். கூலி வந்துவிட்டது, மனம்தான் ஆறவில்லை. அன்றைக்கே இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேட உட்கார்ந்தேன்.

'பிரவுடு', 'பிரைடு' இரண்டுக்கும் மூலம் பிற்கால லத்தீனின் 'ப்ரோதெ'. ஆதாயமானது, பயன் தருவது என்று பொருள். பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அது வீரம் உள்ளவனைக் குறித்தது. இங்கிலாந்தில் கால் வைத்ததும் செருக்கு ஆகிவிட்டது. நார்மன் பிரபுக்கள் தங்களை வீரர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கீழே கிடந்தவர்கள் அதே சொல்லைத் திமிர் என்று கேட்டார்கள் என்பது சொல்லாய்வாளர் சிலரின் கருத்து. எனக்கு இது பிடித்த விளக்கம். மேலே இருப்பவன் வாயில் ஒரு பொருள், கீழே இருப்பவன் காதில் வேறு பொருள். திருச்சபையோ இதை ஏழு தலையான பாவங்களில் முதலாவதாக வைத்தது. நம் ஊர்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் அகங்காரம் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

அப்படிப்பட்ட பாவப் பெயரைத் தன்பாலீர்ப்பாளர்கள் எடுத்துச் சூடிக்கொண்டது 1960களின் அமெரிக்காவில். வெட்கப்படு, வெட்கப்படு என்று வீட்டிலும் கோயிலிலும் காவல் நிலையத்திலும் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். 1966இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஓர் அமைப்புக்குப் 'பிரைடு' என்று பெயர்; தற்காப்பிலும் கல்வியிலும் தனிமனித உரிமைகள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. 1967 புத்தாண்டு இரவில் பிளாக் கேட் மதுக்கூடத்தில் காவலர்கள் புகுந்து அடித்ததை எதிர்த்து, பிப்ரவரியில் நூற்றுக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அதை நடத்தியவர்களில் இந்த அமைப்பும் உண்டு.

ஆனால் 1969 ஜூன் 28இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் விடுதியில் காவலரை எதிர்த்துக் கலகம் மூண்டபின் முன்னுக்கு வந்த சொல் வேறு. வியட்நாமின் தேசிய விடுதலை முன்னணியைப் பார்த்து, 'கே விடுதலை முன்னணி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஓராண்டு நிறைவில் கிரீனிச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை நடந்த ஊர்வலத்தின் பெயர் 'கிறிஸ்டோபர் தெரு விடுதலை நாள்'. ஜெர்மனியில் இன்றைக்கும் அந்தத் தெருவின் பெயரால்தான் ஊர்வலத்தை அழைக்கிறார்கள்.

அந்த நியூயார்க் ஊர்வலத்தின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த கிரெய்க் ஸ்கூன்மேக்கர், பிரைடு என்ற சொல்லை முன்வைத்தவர் தாமே என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதிகாரம் என்ற முழக்கமும் அன்று பேச்சில் இருந்தது. எங்களிடம் அதிகாரம் ஏது, தன்மானம் என்றால் யாருக்கும் வாய்க்கும் என்பது அவர் எண்ணம். ஒன்றும் இல்லாதவனுக்காகத் தேர்ந்த சொல் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் விடுதலை, பெருமை என்ற இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடுதலை என்றால் யாரிடமிருந்து என்ற கேள்வி கூடவே வரும். வீட்டுக்காரரிடமிருந்தா, முதலாளியிடமிருந்தா, காவலரிடமிருந்தா? பெருமைக்கு எதிராளி வேண்டியதில்லை. விடுதலைக்குப் புரவலராக எந்த வங்கியும் வராது. பெருமைக்கு வரும்.

1973இல் அதே நியூயார்க் ஊர்வலத்தின் முடிவில், வாஷிங்டன் சதுக்க மேடையில் திருநங்கைப் போராளி சில்வியா ரிவேரா ஏறியபோது கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. அவரும் மார்ஷா பி. ஜான்சனும் 1970இல் அமைத்த 'ஸ்டார்' குழு, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளம் திருநங்கையருக்குக் கூரை தேடிக் கொடுத்தது. சிறையில் அடிபட்டுக் கிடக்கும் நம்மவரை மறந்துவிட்டீர்களே என்று அன்று மேடையிலிருந்து அவர் கத்தினார். எந்த நிறுவனமும் பணத்தோடு வருவதற்கு முன்பே, ஊர்வலத்துக்குள்ளேயே ஏழைக்கு இடம் குறைந்துபோயிருந்தது.

அதே பத்தாண்டில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொன்று நடந்தது. கூர்ஸ் பீர் ஆலை வேலைக்கு வருபவர்களைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்து அவர்களின் பாலீர்ப்பைக் கேட்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பீர் லாரி ஓட்டுநர் சங்கமும் அந்த ஆலையோடு மோதலில் இருந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் அங்கே தன்பாலீர்ப்பாளர்களுக்காகக் குரல் கொடுத்துவந்த ஹார்வி மில்க்கைத் தேடி வந்தார். உங்கள் லாரிகளில் எங்கள் ஆட்களுக்கும் வேலை கொடுங்கள் என்று மில்க் கேட்டார். தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்களில் கூர்ஸ் பீர் விற்பனை நின்றது. சங்கமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

லண்டனிலும் இதே உறவு மலர்ந்தது. 1984–85 வேலைநிறுத்தத்தின்போது வேல்ஸ் சுரங்கத் தொழிலாளருக்காகத் தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று வாளி ஏந்திப் பணம் திரட்டியது. 1985 ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பதாகையோடு முன்னால் நடந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே குழுவை ஊர்வலத்தின் முன்வரிசையில் நடக்க அழைத்தார்கள். கூட வரும் தொழிற்சங்கங்களுக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்ததும் குழு முன்வரிசையை விட்டுப் பின்னால் போய்ச் சங்கங்களோடு நடந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2019இல், ஸ்டோன்வாலின் ஐம்பதாவது ஆண்டில், நியூயார்க்கில் இரண்டு ஊர்வலங்கள் நடந்தன. நிறுவன வண்டிகளும் காவல்துறை அணியும் இல்லாத இரண்டாவது ஊர்வலத்தின் பெயரில் 'விடுதலை' திரும்பி வந்திருந்தது. அமெரிக்காவில் ஆட்சி மாறிய 2025இல், சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்துக்குப் பணம் தந்துவந்தவர்களில் ஒரு பெரிய பீர் நிறுவனமும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனமும் விலகிக்கொண்டன. ஆதாயம் இருந்தவரைக்கும்தான் பெருமை.

நம் சென்னைப் பேரணிக்குத் தமிழில் 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்று பெயர். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் நிகர் தேடியிருந்தால் பெருமை என்றுதான் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு, 1925இலிருந்து சாதியையும் பெண்ணடிமையையும் எதிர்த்துத் தெருவில் புழங்கிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நான் எழுதி அனுப்பியதும் அவர்களிடமிருந்து கற்றதுதான். வரவேற்பறையில் அது நிற்கவில்லை. அதே ஜூனில், வெயிலில் இருவர் பிடித்து நடந்த பதாகையில் கொட்டை எழுத்தில் நின்றது.