தோட்டத்துரையின் துவக்கு: பழைய றிம்பயர் றைபிள்களின் உறுப்புகளைக் கொண்டு காலங் கணித்தல் பற்றிச் சில குறிப்புகள்

கண்டி இராச்சியத்தின் படைக்கலங்கள் பற்றி நமது ஆய்வாளர் ஓரளவு எழுதியுள்ளனர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே கண்டிக் கொல்லரின் இரும்பு வேலைப்பாடு இடம்பெற்றது. பி. ஈ. பி. தெரணியகல 1942இல் சிங்களப் படைக்கலங்கள் குறித்துத் தனியாகவே எழுதினார். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கி 2023இல் நாடு திரும்பியபோது பத்திரிகைகளும் அதனைக் கொண்டாடின. ஆனால் அரசவைக்குரியதல்லாத, அழகுமற்ற ஒரு துவக்கு வகை இவர்களது கவனத்துக்கு எட்டவில்லை. பெருந்தோட்டப் பங்களாக்களின் சுவரிலே தொங்கிய சிறுவாய்க் குழல் றைபிளையே இங்கு கருதுகிறோம்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கெலிஓயாப் பகுதி இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். ஜோர்ஜ் பேர்ட் 1820களில் கோப்பித் தோட்டம் திறந்த சிங்கபிட்டிய கம்பளையை அடுத்துள்ளது. 1874இல் நாவலப்பிட்டிவரை நீண்ட புகையிரதப் பாதை இவ்வழியேதான் செல்கின்றது. பேர்மிங்ஹாம் இரும்புச் சாமான் மலைநாட்டுக்குள் மலிவாக ஏறியதற்கு அப்பாதை முக்கிய காரணமாகும். மறுபுறத்தில் எம்பக்கை, கடலாதெனிய முதலிய உடுநுவரக் கிராமங்களின் மரவேலை, உலோகவேலை மரபும் அண்மையிலேயே உள்ளது. தொழிற்சாலைப் பண்டமும் கிராமக் கைவினையும் சந்தித்த இடம் இது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

பழைய துவக்கொன்றைக் கண்டதும் அதனை 1848 மாத்தளைக் கிளர்ச்சியோடு தொடர்புபடுத்தும் ஆவல் எழுவது இயல்பு. அக்கிளர்ச்சிக்குக் காரணமான டொறிங்டன் ஆட்சியின் வரிகளில் துவக்கு அனுமதி வரியும் ஒன்றாதலால் அவ்வாவலுக்கு ஒரு நியாயமும் உண்டு. எனினும் றிம்பயர் றைபிள் அக்காலத்துக்குரியதாக இருக்க முடியாது. கண்டி மக்கள் கையிலிருந்தவை வாய்வழி மருந்திடும் துவக்குகள். அவற்றுட் பலவற்றிற் பூட்டுப்பொறி இடப்பக்கத்தில் அமைந்திருந்தது. றிம்பயர் தோட்டாவிலோ வெடிமூட்டும் மருந்து கோதின் விளிம்புக்குள்ளே அடக்கப்பட்டுள்ளது. அடியூசி அவ்விளிம்பைக் குழலின் பின்னோரத்தோடு நசுக்கும்போது அது வெடிக்கும். பாரிசில் புளோபேர் 1845இல் இதற்கு வழிகாட்டினாரெனினும் அது அறைக்குள் இலக்குச் சுடும் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. .22 குறுந்தோட்டா 1857இல் அமெரிக்காவின் சிமித் அன் வெசன் கம்பனியாற் கொண்டுவரப்பட்டது. இன்றும் வழங்கும் .22 நெடுறைபிள் தோட்டா 1887இல் தோன்றியது. ஆகவே தோட்டா அறை அந்நெடுந்தோட்டாவுக்கென ஆதியிலேயே குடையப்பட்டிருப்பின், அக்குழல் 1887க்கு முற்பட்டதாகாது.

'ஆதியிலேயே' என்ற சொல் அழுத்தத்துக்குரியது. ஒரு துவக்கு ஒரே காலத்துப் பொருளென்று கொள்வதே பலரும் விடும் பிழை. குழல், பொறியுடல், அடைப்புக்கட்டை, மரக்கட்டை, திருகாணிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயதுண்டு. நாணயப் புதையலொன்றின் காலத்தை அதிலுள்ள மிகப் பிந்திய நாணயம் வரையறுப்பது போல, துவக்கு இன்றுள்ள வடிவத்தை அடைந்த காலத்தை அதன் மிகப் பிந்திய உறுப்பே வரையறுக்கும். மிகப் பழைய உறுப்போ அவ்வுறுப்பின் வரலாற்றை மட்டுமே சொல்லும்.

குழலின் சோதனை முத்திரைகள் முதலிற் பார்க்கத்தக்கவை. பேர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. முடியும் குறுக்கிட்ட செங்கோல்களும் கொண்ட பழைய முத்திரைக்குப் பதிலாக, 1904 முதல் முடியின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. ஆகிய எழுத்துகள் இடப்பட்டன. இவற்றுள் இறுதியானது புகையில்லா மருந்துக்கான சோதனையைக் குறிக்கும். பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரையான நீள்வட்டத்துள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளின்மேல் 1893 முதல் முடி சேர்ந்தது. 1922 முதல் ஆண்டைச் சுட்டும் ஓரெழுத்தும் இடப்பட்டது. அமெரிக்க வின்செஸ்ரர் கம்பனி தன் சோதனை முத்திரையை 1905இல் இடத் தொடங்கியது. 1890 முதல் 1932 வரை அக்கம்பனி செய்த 1890ஆம் மாதிரிச் சிறு றைபிளிலே, குழலில் அம்முத்திரையிருந்து பொறியுடலின் தொடரிலக்கம் அதற்கு மிக முந்தியதாயின் குழல் மாற்றப்பட்டதென்றே ஐயுற வேண்டும்.

குழல் மாற்றத்துக்கு இம்மலைநாட்டிலே தக்க காரணமும் இருந்தது. பழைய வெடிமூட்டு மருந்திலிருந்த குளோரேற்று உப்பு எரிந்தபின் குழலினுள் உப்புப் படிவாகத் தங்கி ஈரத்தை உறிஞ்சும். கரிமருந்தின் பெருங்கசடை நீரால் கழுவும் வழக்கம் புகையில்லா மருந்தின் வருகையால் கைவிடப்பட்டபோது துரு மேலும் விரைந்தது. ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியுமான தோட்டங்களில், துடைக்காது வைத்த குழல் சில மாதங்களிலேயே அரிபட்டிருக்கும். துருவேற்றாத வெடிமூட்டு மருந்து 1920களின் பிற்பகுதியிலேதான் பரவியது. அரிபட்ட குழலைக் குடைந்து புதிய உட்குழாய் செருகுவதும் உண்டு. வாய்முனையில் மெல்லிய வளையக்கோடு தெரிந்தால் அதுவே சான்றாகும். தோட்டா அறையும் அப்போது புதிதாகியிருக்குமாதலால், முன்னர் கூறிய 1887 என்ற எல்லை அத்துவக்கின் பழைய உறுப்புகளுக்குப் பொருந்தாது.

இனி அடியூசிக்கு வருவோம். றிம்பயர் துவக்கிலே மிக எளிதில் முறிவது இதுவே. தோட்டாவின்றி விசையை இழுத்தால் ஊசி குழலின் பின்னோரத்திலேயே மோதும். ஊசியும் மழுங்கும், ஓரத்திலும் ஒரு பள்ளம் விழும். அப்பள்ளம் இன்றுள்ள ஊசி முனையோடு பொருந்துகின்றதா என்று நோக்குதல் வேண்டும். பொருந்தாவிடின் ஊசியோ குழலோ வேற்றுடையது. பேர்மிங்ஹாமுக்கு எழுதி உறுப்பு வருவிக்க மாதங்கள் செல்லும். அயற் கிராமக் கொல்லரோ அரத்தால் அராவி ஓரிரு நாளிற் செய்து கொடுக்கக் கூடியவர். இயந்திரத்திற் கடைந்த ஊசியிலே உராய்வுக் கோடுகள் வட்டமாகச் சுற்றியிருக்கும். கையால் அராவியதில் அவை நெடுக்காகவோ சாய்வாகவோ ஓடும். கையால் வெட்டிய திருகாணியின் புரிகளும் ஒரே சீராக இருப்பதில்லை. ஓராணி இன்னொரு துளைக்குள் ஏறாது. கறையான் அரித்த வால்நட் கட்டைக்குப் பதிலாகப் பலாக்கட்டை பொருத்தப்பட்டிருப்பின் அதுவும் இவ்வகையைச் சேரும்.

சேகரிப்பாளர் இவற்றை ஒட்டுவேலை எனக் குறைத்து மதிப்பிட்டு, அகற்றிவிட்டு 'அசல்' உறுப்பைத் தேடுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பூட்டுப்பொறியைத் தானே வடித்த கண்டிக் கொல்லர் மரபு, இறக்குமதிப் பண்டத்தின்முன் பழுதுபார்க்கும் தொழிலாகச் சுருங்கியதற்குப் பெயரற்ற அத்தொழிலாளர் விட்டுச்சென்ற எழுத்துச் சான்று அநேகமாக இல்லை. அவர் அராவிய ஊசியே அவருக்குரிய ஆவணம்.

இத்துவக்கு யார் கையில் இருந்ததென்பது வேறு வினா. இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை 1900இல் கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு அமைந்தது, ஐரோப்பியரையே அது சேர்த்துக்கொண்டது, 1949வரை நிலைத்தது. போவர் யுத்தத்தின் படிப்பினையால் இங்கிலாந்திலே மலிவான .22 பயிற்சி றைபிள் பரவிய காலமும் அதுவே. 1915 கலவரம் கண்டியிலே மூண்டபோது தோட்டத்துரைமார் ஆயுதமேந்தி வீதிக்கு வந்தனர். அடுத்த ஆண்டில் 33ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் துவக்கை அனுமதிப் பத்திரத்தோடு பிணைத்தது. பங்களாவில் துவக்கும் லயத்தில் வெறுங்கையுமென்ற நிலை அச்சட்டத்தாற் பிறந்ததன்று. சட்டம் அதற்குக் கச்சேரி முத்திரை வழங்கியது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலே துவக்கு பெரும்பாலும் அதன் வாய்ப்பக்கத்திலிருந்தே காணப்பட்டது. 1940 ஜனவரி 10இல் ஹேவாஹெற்ற முல்லோயாத் தோட்டத்திலே பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தனின் மனைவிக்காக விசாரணையில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அங்கு சுட்டது பொலிசாரின் துவக்கேயன்றி நாம் ஆராயும் வகையன்று. ஆயினும் அவ்வதிகாரத்தின் அன்றாட உருவம் பங்களாச் சுவரிலே தொங்கிக்கொண்டிருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோது பங்களாக்களின் தட்டுமுட்டுகள் கைமாறின. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலும் 1987-89 காலத்திலும் வீடுகளிலிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. எஞ்சியவை கண்ணிற் படும்போது முத்திரைகளின்மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் உராய்ந்து படியெடுத்தலும், ஊசியையும் ஆணிகளையும் அளந்து வரைதலும் முதற் கடமையாம். துருவை உப்புத்தாளாற் தேய்க்கலாகாது. முத்திரையின் பாதியை அது கொண்டுபோய்விடும். கழற்றிய ஊசி கோணலாயினும் அதனையே மீளப் பொருத்துதல் வேண்டும். சுட்டுப்பார்க்கும் எண்ணம் யாருக்கேனும் எழுமாயின், நூறாண்டுத் துரு தின்ற குழலென்பதை அவர் மறவாதிருப்பாராக.