தாழப் பறந்தவர்

குண்டு வீசும் விமானி ஒருவரைப் புகழ்ந்து பேச நாக் கூசுகிறது. வாளோடு வாள் மோதிய காலத்தில் வென்றவன் தோற்றவனுடைய முகத்தைக் கண்டான். வானத்திலிருந்து குண்டு வீசுபவனோ தன்னால் மாண்டவர் யார் என்று அறியாமலே திரும்பி வந்து உணவருந்துகிறான். ஆகவே, இரண்டாம் உலகப் போரில் நூறு முறை குண்டு வீசச் சென்று மீண்ட லெனர்டு செஷயர் என்னும் ஆங்கில விமானப் படைத் தலைவரின் வரலாற்றை நான் தயக்கத்துடனேயே படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபின் அத்தயக்கம் முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆயினும், அவ்வரலாற்றில் வரும் ஓர் இரவு என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்த இரவை முன்னிட்டே அவரைப் பற்றி உங்களிடம் பேச முற்பட்டேன்.

செஷயர் 1917-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் தந்தையார் ஆக்ஸ்போர்டில் புகழ்பெற்ற சட்ட அறிஞர். மகனும் அங்கேயே சட்டம் பயின்றார். பயிலும்போதே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து பறக்கவும் கற்றார். 1939-இல் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவர் குண்டு வீச்சுப் படையில் பணியேற்றார். நவம்பர் மாதத்தில் ஓர் இரவு, ஜெர்மனியின் கொலோன் நகருக்குச் சென்றபோது பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய விமானத்தின் உடல் பிளந்தது. உள்ளே தீயும் பற்றியது. அந்த நிலையிலும் அதை ஓட்டிக்கொண்டு தம் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

அந்தப் பணி எத்தகையது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். பிரிட்டனின் குண்டு வீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களுள் மாண்டவர்கள் 55,573 பேர். இத்தகைய படையில் உயிர் தப்பி, 1943-இல் தம் 25-ஆம் வயதில் குரூப் கேப்டன் ஆனார் செஷயர். அந்தப் பதவியை அத்துணை இளமையில் அடைந்தவர் அப்படையில் வேறு எவரும் இலர். ஆனால், அந்தப் பதவிக்கு உரிய இடம் விமானம் அன்று, மேசை. பிறரைச் சாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் தரையில் இருக்க அவர் மனம் ஒப்பவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில், தாமே வேண்டி ஒரு படி இறங்கி, விங் கமாண்டராக 617-ஆம் படைப்பிரிவின் தலைமையை ஏற்றார்.

அங்கே அவர் எதிர்கொண்ட சிக்கலை நாம் அறிந்துகொள்ள வேண்டும். இரவில், கனத்த மேகத்துக்கும் புகைக்கும் மேலே, பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து வீசும் குண்டு எங்கே விழும்? 1941-இல் பிரிட்டிஷ் அரசு புகைப்படங்களைக் கொண்டு ஆராய்ந்து பார்த்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களுள் மூன்றில் ஒன்றுதான் அவ்விலக்குக்கு ஐந்து மைல் அளவிலாவது நெருங்கியிருந்தது! எஞ்சிய குண்டுகள் வயலிலும் விழுந்தன, வீட்டிலும் விழுந்தன. செஷயர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒருவர் மட்டும் கூரைகளைத் தொடுமளவுக்குத் தாழ இறங்கி, இலக்கின் மேல் ஒளி வீசும் குறியை இடவேண்டும்; மேலே நிற்பவர்கள் அக்குறியைப் பார்த்து வீசவேண்டும். தாழ இறங்குபவர் சுட்டு வீழ்த்தப்படுவது எளிது. அந்த வேலையை அவர் தமக்கே வைத்துக்கொண்டார்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சு நாட்டின் லிமோஷ் நகரில், விமான எந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்று இரவும் பகலும் இயங்கி வந்தது. அதை அழிக்க 12 விமானங்கள் சென்றன. உள்ளே வேலை செய்தவர்களோ பெரும்பாலும் பிரெஞ்சுப் பெண்கள். செஷயர் தம் பெரிய விமானத்தைத் தொழிற்சாலைக் கூரையின் மேலாக, அது அதிரும்படி ஓட்டிச் சென்றார்; குண்டு போடவில்லை. திரும்பி வந்து மீண்டும் அவ்வாறே சென்றார். மூன்றாம் முறையும் சென்றார். அந்த ஓசையின் பொருளை உணர்ந்து பெண்கள் வெளியே ஓடினார்கள். அதன் பிறகே அவர் குறியை இட்டார், மற்றவர்கள் வீசினார்கள், தொழிற்சாலை அழிந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன் பசுக்களையும் பெண்டிரையும் நோயாளரையும் காவலான இடம் சேருமாறு எச்சரிக்கும் அறநெறியைப் போற்றுகிறார். அந்த நெறியை அறியாத ஒரு மனிதர், எந்திரங்கள் கொல்லும் காலத்தில், தம் உயிரைப் பணயமாக வைத்து அதையே செய்தார்.

எனினும், இத்துடன் நிறுத்தினால் நான் உண்மையில் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். அதே ஆண்டு ஏப்ரலில் மியூனிக் நகரின் மேல், சுற்றிலும் பீரங்கிகள் முழங்க, 700 அடிக்கு இறங்கிக் குறியிட்டார். அங்கே அவர் இறங்கியது குறி காட்டவே; எச்சரிக்க அன்று. நான்கு ஆண்டுக் காலம் தளராது காட்டிய வீரத்துக்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் அளிக்கப்பெற்றது.

1945 ஆகஸ்டு 9-ஆம் நாள், நாகசாகியில் அணுகுண்டு வீசப்பட்டபோது, பிரிட்டனின் சார்பில் அதைக் காண அனுப்பப்பட்ட இருவருள் அவரும் ஒருவர். அவர் ஏறிய விமானம் மற்றவற்றோடு சேரத் தவறியதால், தொலைவிலிருந்தே அந்தப் பெரும் புகை மண்டலத்தைக் கண்டார். அந்தப் புகைக்குக் கீழே இருந்தவர்களுள் ஏறத்தாழ 70,000 பேர் அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தனர் என்பர். அந்தக் குண்டு போரை முடித்தது என்றே செஷயர் பிற்காலத்திலும் வாதித்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவ்வாதத்தை ஏற்கவும் என்னால் இயலவில்லை.

1946-இல் அவர் படையை விட்டு விலகினார். ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்னும் பெரிய மாளிகையில் போர் வீரர்களுக்கென அவர் ஏற்படுத்திய குடியிருப்பு நிலைக்கவில்லை. 1948-இல், முன்பு அங்கே இருந்த ஒருவர் புற்றுநோயால் சாகக் கிடந்தார். அவருக்குப் போக்கிடம் இல்லை. செஷயர் அவரை அழைத்து வந்து, தம் கையாலேயே குளிப்பாட்டி, உணவூட்டி, இறுதிவரை பேணினார். அந்த ஒரு நோயாளியிலிருந்து வளர்ந்தவையே செஷயர் இல்லங்கள். நம் நாட்டில் முதலில் பம்பாயில் ஓர் இல்லம் எழுந்தது. தம்மைப் போலவே தொண்டில் ஈடுபட்ட சூ ரைடர் அம்மையாரை 1959-இல் பம்பாயில் மணந்தார். டேராடூனில் தொழுநோயாளர்க்கும் இடம் அளிக்கும் ராபேல் இல்லமும் இருவர் முயற்சியால் உருவாயிற்று. 1992-இல் அவர் மறைந்தார்.

பலர் இவ்வாழ்வை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: முன்னே போர், பின்னே தொண்டு என்று. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. லிமோஷில் கீழே இருப்பவர்களுக்காகத் தாழப் பறந்த மனிதரே, நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நோயாளியின் கட்டிலருகே அமர்ந்தார். இடையில், அவர் எவரையும் காணாத உயரங்களும் இருந்தன. இன்று ஆளே இல்லாத விமானங்கள், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரின் விரலசைவில் குண்டு வீசுகின்றன. அவற்றுள் எது மூன்று முறை தாழப் பறந்து எச்சரிக்கப் போகிறது?